பாவாவா, பேக்கரா: வீடு எங்கிருந்து தொடங்குகிறது?

வரைபடத்தை விட மனையை நம்பியவர்கள் என்று இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவையும் (1919–2003), இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் நிலைகொண்ட கட்டடக்கலைஞர் லாரி பேக்கரையும் (1917–2007) சேர்த்தே பேசுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாவாவின் சிந்தனை கண் எதைப் பார்க்கும் என்பதில் தொடங்கியது. பேக்கரின் சிந்தனை சுவருக்கு எத்தனை செங்கல் போதும் என்பதில் தொடங்கியது.

சட்டம் படித்த பாவா, 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்னும் ரப்பர் தோட்டத்தை வாங்கிப் பூங்காவாக்க முனைந்தபோதுதான் தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்று உணர்ந்து கட்டடக்கலைக்கு வந்தார். 1957இல்தான் தகுதி பெற்றார். தோட்டம் வழியாக வந்தவர் என்பதால், அறையின் அளவுக்கு முன்னால் வாசலில் நிற்பவருக்கு எது தெரிய வேண்டும் என்பது அவருக்கு முக்கியமாயிற்று. கொழும்பில் பத்திக் துணிக்கலைஞர் எனா டி சில்வாவுக்கு அவர் கட்டிய வீடு தெருவுக்குச் சுவரைக் காட்டிவிட்டு நடுமுற்றத்தை நோக்கித் திரும்பிக்கொண்டது. பின்னாளில் மனை கைமாறியபோது அவ்வீட்டைப் பிரித்தெடுத்து லுனுகங்கவில் மறுபடி எழுப்ப முடிந்தது என்பதே, அது அந்த மனையை எவ்வளவு குறைவாகச் சார்ந்திருந்தது என்பதற்குச் சான்று. தமது கொழும்பு இல்லத்தையோ, வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து உருவாக்கினார். அவ்வளவு பொறுமையுள்ள வாடிக்கையாளர் அவருக்கு அவரேதான்.

பேக்கரிடம் வந்தவர்களில் பலருக்கு அந்த வசதி இல்லை. ஒப்பந்தக்காரரை இடையில் வைக்காமல் கொத்தனார்களோடு நின்று கட்டிய அவர், செலவைக் குறைக்கும் ஒவ்வொரு முடிவிலிருந்தும் வடிவத்தை வரவழைத்தார். ராட் டிராப் (எலிப்பொறிக் கட்டு) முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஏறக்குறைய 25 சதவீதச் செங்கல் மிச்சமாவதோடு வெயிலின் சூடும் உள்ளே இறங்கத் தாமதமாகிறது. கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைக் கம்பி தாங்கிக்கொள்ள, அங்குள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால், அவ்விடத்தில் பழைய ஓடுகளை வைத்தார். சன்னலுக்கு மரம் விலை அதிகமென்றால், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர். வழியில் மரம் நின்றால் சுவர் வளைந்துகொள்ளும்.

பேக்கர் முறையிலும் இடர் உண்டு. பூச்சில்லாத சுவர் மட்டமான செங்கல்லையும் கைதேராத வேலையையும் மறைக்காது. ராட் டிராப் சுவரைப் பிறகு உடைத்து மின்குழாய் பதிப்பது தொல்லை என்பதால், எல்லாவற்றையும் கட்டும்போதே தீர்மானிக்கலாம் என்ற சுதந்திரம் அங்கே செல்லாது. பாவாவின் திறந்த முற்றமோ மழைச்சாரலையும் கொசுவையும் சேர்த்தே வரவேற்கும்.

அரை கிரவுண்டு மனையும் வங்கிக் கடனும் உள்ளவருக்கு நான் பேக்கரின் வழியையே சொல்வேன். தெருச் சத்தம் கூடிய இடமானால், பாவாவிடமிருந்து அந்த மூடிய முகப்பையும் ஒரு சிறு முற்றத்தையும் மட்டும் கடன் வாங்கலாம். அனுமதிக்காக வரைபடம் முன்கூட்டியே தேவைப்படும் இக்காலத்தில், வெளிச்சுவர்களையும் மின்குழாய்ப் பாதையையும் முதலிலேயே உறுதிசெய்துவிட்டு, உட்சுவரின் வளைவையும் ஜாலியின் அமைப்பையும் கட்டும்போது முடிவுசெய்துகொள்ள ஒப்பந்தத்தில் இடம்விடச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது.