ஸ்கோர் நோட்டும் கடைசி அவுட்டும்: பத்து வருட அனுபவம்

2015 சீசனிலிருந்து பேஸ்பால் பார்க்கும்போதெல்லாம் ஆட்டத்தில் நடப்பதையெல்லாம் குறியீடுகளால் எழுதிவைக்கும் ஒரு ஸ்கோர் நோட்டு என் மடியில் இருக்கும். சிகாகோவுக்குக் குடிவந்த புதிதில், கப்ஸ் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். கேட்டேன், இரண்டே இன்னிங்ஸில் சொல்லிக்கொடுத்துவிட்டார். இப்போது எழுதுவது ஏழாவது நோட்டு.

ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு பத்தி. ஃபீல்டர்களைப் பெயரால் எழுதுவதில்லை, எண்ணால்தான்: பிட்ச்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அவுட்ஃபீல்டில் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் அவுட்டாவது) ஆங்கில 'கே'. பேட்டை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

வேர்ல்ட் சீரீஸ் எனும் இறுதித் தொடரில் கோப்பை வென்ற கொண்டாட்டங்கள் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. கையுறைகள் பறக்கும், பிட்ச்சர் நிற்கும் மவுண்டில் ஆள்மேல் ஆள் விழுவார்கள், அப்புறம் உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் மழை. அதற்கெல்லாம் முன்னால் நோட்டில் கடைசி அவுட்டின் கட்டம் நிரம்பியிருக்கும். 2018-இல் மச்சாடோ, 2019-இல் பிராண்ட்லி, இருவருக்கும் நேர் 'கே'. 2020-இல் டாட்ஜர்ஸின் ஊரியாஸ் ஆடமெஸை நிற்கவைத்து வீழ்த்தியபோது திருப்பிய 'கே'. 2021-இல் 6-3. 2022-இல் ரைட் ஃபீல்டில் டக்கர் பிடித்த கேட்ச், எஃப்9. எந்த வருடத்தைச் சொன்னாலும் அந்தக் கட்டம்தான் முதலில் கண்முன் வரும், மற்ற ஆரவாரம் அதிலிருந்து கிளம்பும்.

குறைகளும் உண்டு. என் நோட்டில் தாள் மெலிசு, இரண்டு முறை அழித்தால் ஓட்டை விழும். ஆட்டம் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ் என்பதால் பத்திகள் பத்துதான். 2018 வேர்ல்ட் சீரீஸின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனபோது அடுத்த பக்கத்துக்குத் தாவி எழுதினேன். இடையில் மாற்று பிட்ச்சராக வந்து 97 பந்து வீசிய இவால்டி, கடைசியில் மன்சியின் ஹோம் ரன்னில் தோற்ற ஆட்டம் அது. 2025-இலும் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ். ஓட்டானி ஒன்பது முறை பேஸுக்குப் போனார்: இரண்டு ஹோம் ரன், இரண்டு டபுள் (ஒரே அடியில் இரண்டாம் பேஸ்), ஐந்து வாக் (அடிக்கத் தோதான பந்து தராததால் முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது). செயலியில் அது ஒரு வரியோடு முடிந்துவிடும். ஒன்பது கட்டங்களை நம் கையால் நிரப்பும்போதுதான் எதிரணி அவரைப் பார்த்து எவ்வளவு மிரண்டிருக்கிறது என்பது புரியும். வேகம் வேண்டுமென்றால் செயலி போதும். ஆட்டம் மனதில் தங்க வேண்டுமென்றால் நோட்டுதான்.

என்னிடம் உள்ள பக்கங்களிலேயே உயிரானது 2016 நவம்பர் 2. கிளீவ்லேண்டில் ஏழாவது ஆட்டம். கப்ஸ் கோப்பை வென்று 108 வருடம் ஆகியிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லேண்டின் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன்னில் ஸ்கோர் 6-6 எனச் சமமானது. கட்டத்துக்குள் அந்த ரன்னைக் குறிக்கும் டைமண்டை நிரப்பும்போது அழுத்திய அழுத்தில் பென்சில் முனை உடைந்தது. கீறல் இன்றும் இருக்கிறது. ஒன்பது முடிந்ததும் 17 நிமிடம் மழை. பத்தாவதில் சோப்ரிஸ்ட் டபுள், மொன்டேரோ சிங்கிள், கப்ஸ் 8-6 என முன்னிலை. கிளீவ்லேண்ட் ஒன்று எடுத்து 8-7. இரண்டு அவுட். மார்ட்டினெஸ் மெதுவாகத் தட்டிய பந்தை எடுக்க ஓடிவரும்போதே கப்ஸின் மூன்றாம் பேஸ் பிரையண்ட் முகத்தில் சிரிப்பு. கால் சற்று வழுக்கியது, ஆனாலும் எறிந்துவிட்டார். முதல் பேஸில் ரிஸ்ஸோ பிடித்தார், பந்தைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடினார். நான் எழுதியது 5-3. அதற்குமேல் எழுத முடியவில்லை.

மொத்தக் கணக்கைப் போடாமல் நோட்டை மூடி வைத்தேன். நவம்பர் 4 ஊர்வலத்துக்கு சிகாகோ நதியில் நீலச் சாயம் கலந்திருந்தார்கள். கிராண்ட் பார்க்கில் ரிஸ்ஸோ அந்தப் பந்தை அணி உரிமையாளரிடம் கொடுத்தார். கூட்டத்தில் நின்று தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஏழு ஆட்டப் பக்கங்களையும் விரித்துவைத்து சோப்ரிஸ்ட்டின் கட்டங்களை எண்ணினேன். கணக்கில் சேரும் 28 வாய்ப்புகளில் 10 ஹிட். சராசரி .357.