வாய்க்குப் பூட்டா, ஒரே மேசையா?

கட்சிகளாகப் பிளந்து நிற்பவர்கள் மரியாதையோடு மோதிக்கொள்ள இரண்டு வழிகளைப் பார்த்திருக்கிறோம்.

ஒன்று, பிரிட்டன் மக்களவை வழி. எதிரே இருப்பவரை நேராக 'நீங்கள்' என்று பேசக் கூடாது. எல்லாம் சபாநாயகரைப் பார்த்துத்தான். 'பொய்யர்' என்று சொன்னால் திரும்பப் பெற வேண்டும். 2021 ஜூலையில் பிரதமர் பொய் சொல்கிறார் என்ற உறுப்பினர் டான் பட்லர், அதைத் திரும்பப் பெற மறுத்ததால் அவையை விட்டு அனுப்பப்பட்டார். நம் சட்டமன்றங்களில் அவைக்குறிப்பிலிருந்து சொற்களை நீக்குவதும் இதே வழிதான். நாக்கு அடங்கும், சரி. மனம்?

இன்னொன்று, அயர்லாந்தின் குடிமக்கள் பேரவை. 2016-இல் தொடங்கியது. ஒரு தலைவர், அவரோடு குலுக்கல் முறையில் எடுத்த 99 பொதுமக்கள். கருக்கலைப்புத் தடை நாட்டையே இரண்டாக்கியிருந்த நேரம். வார இறுதிகளில் கூடினார்கள். வட்ட மேசை, ஒருவரே பேசிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ள மேசைக்கு ஒரு நெறியாளர். மருத்துவர், வழக்கறிஞர், இரு தரப்பு அமைப்புகள் என எல்லோரையும் கேட்டார்கள். அப்புறம் அதே மேசையில், எதிர்க் கருத்துள்ளவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். தடையை அப்படியே வைத்திருக்கக் கூடாது என்று பேரவை சொன்னது. 2018 மே மாதம் நாடு முழுவதும் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

இதற்குப் பணமும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். தினசரி அரசியலுக்கு முதல் வழி போதும். ஆனால் ஊரே இரண்டுபட்டு நிற்கும் கேள்வி என்றால், நான் அந்த மேசையைத்தான் கேட்பேன்.