பழைய சின்னக் காருக்கு எந்த கியர் பாக்ஸ்?

அன்றாடம் ஓட்ட, அடக்கமான விலையில், கைமாறிய ஒரு சின்னக் கார் தேடும்போது பேச்சு பெரும்பாலும் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதிலேயே நிற்கிறது. நான் சமீபத்தில் அப்படி ஒன்று வாங்கினேன். என்னை அதிகம் யோசிக்க வைத்தது கியர் பாக்ஸ்தான். நாமே கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் மேனுவல், அந்த வேலையைக் கருவியே செய்யும் ஏஎம்டி, கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி, ஆயில் சுழற்சி வழியாக இயங்கும் பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் என நான்கையும் பார்த்துவிட்டு மேனுவல் எடுத்தேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் கியர் பாக்ஸ்? ஒரு லிட்டரிலிருந்து 1.3 லிட்டர் வரையிலான சின்ன பெட்ரோல் இன்ஜின்கள், நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால், பொதுவாகத் தொல்லை கொடுப்பதில்லை. பிரேக், சஸ்பென்ஷன், ஏசி எல்லாம் செலவு வைக்கும்தான். ஆனால் ஒவ்வொன்றாக, தாங்கும் அளவில் வைக்கும். மலிவாக வாங்கிய பழைய காரில், ஒரே பில்லில் வண்டியின் மதிப்பில் பெரும்பகுதியை விழுங்கக்கூடிய பாகங்களில் முதலாவது கியர் பாக்ஸ். புதுக் காருக்கு வாரன்டி இருக்கிறது. நமக்கு நம் கையில் இருக்கும் பணம் மட்டும்தான்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். நெரிசலில் ஆட்டோமேட்டிக் சுகம், மேனுவலில் இடது கால் வலிக்கும். அதே வருடத்து அதே மாடலில் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் கூடுதல் விலை சொல்லப்படும். மைலேஜில் ஏஎம்டியும் மேனுவலும் ஏறக்குறைய ஒன்று, பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கொஞ்சம் கூடக் குடிக்கும். இடது காலிலோ முழங்காலிலோ பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, அவர்களுக்கு ஆட்டோமேட்டிக்தான். பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கியவர் மேனுவல் ஓட்டவே கூடாது. அப்படிப்பட்ட உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மற்றவர்களுக்கு என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: முந்தைய ஆள் வண்டியை எப்படி ஓட்டினார் என்பதை, வாங்குவதற்கு முன்னால், நம்மால் கண்டுபிடிக்க முடியுமா? சர்வீஸ் புத்தகம் பாதி நிரம்பியிருக்கும், மீதி வாய்மொழிதான். அந்த நிலையில் தேய்மானத்தை வெளியே காட்டிவிடுகிற கியர் பாக்ஸ் வேண்டும். தேய்ந்த பாகத்தை மட்டும் தனியாக மாற்ற முடியவும் வேண்டும். இந்த இரண்டிலும் மேனுவலை மற்றவை நெருங்க முடியவில்லை.

மேனுவலில் மோசமாக ஓட்டுகிறவர் செய்யும் சேதத்தின் பெரும்பகுதி, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் பிளேட்டில் போய்ச் சேர்கிறது. சிக்னலில் ஹாஃப் கிளட்சில் நிற்பது, மேட்டில் கிளட்சைப் பிடித்தே வண்டியை நிறுத்தி வைப்பது, ஓடும்போது காலைப் பெடலிலேயே வைத்திருப்பது எல்லாம் அந்த ஒரு தகட்டைத் தின்கின்றன. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம் அது. அது தேய்ந்திருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்க்கும்போதே சொல்லிவிடலாம்.

நான் செய்தது இப்படி. ஆளில்லாத சமதளமான இடம், முன்னால் தாராளமாக இடைவெளி. ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி உடனே அணைந்துவிடும். கிளட்சை முழுக்க விட்ட பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு தடவை மட்டும் செய்யுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே கிளட்சுக்குக் கேடு. அப்புறம் ரோட்டில் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் அதே வியாதி.

காதுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நியூட்ரலில் இன்ஜினை ஓட விட்டு கிளட்சை அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் கீச்சென்றோ உறுமலாகவோ சத்தம் வந்தால் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விலக்கிவிடும் ரிலீஸ் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அது கிளட்ச் மாற்றும்போது கூடவே மாறிவிடும், கவலையில்லை. சத்தம் கிளட்சை விட்டிருக்கும்போது இருந்து, அழுத்தினால் நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் கியர் பாக்ஸுக்குள்ளே இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும், அந்த வண்டியை விட்டுவிடலாம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கறகறவென்று உரசினால் கியர்கள் உரசாமல் சேர உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதுவும் உள்வேலைதான். பெடல் கல்லாகக் கனத்தால் பயப்பட வேண்டாம். கேபிள் கிளட்ச் உள்ள சின்னக் கார்களில் பல நேரம் கேபிள்தான் காரணம், அதை மாற்றுவது சின்ன வேலை.

நான் வாங்கிய காரில் பெடல் ஏறக்குறைய மேலே வந்த பிறகுதான் வண்டி நகர ஆரம்பித்தது. நாலாவது கியர் சோதனையில் லேசாக வழுக்கவும் செய்தது. மற்ற எல்லாம் சரியாக இருந்ததால் கிளட்ச் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையில் குறைக்கச் சொன்னேன். விற்றவர் ஒத்துக்கொண்டார். பிறகு கியர் பாக்ஸை இறக்கியபோது மெக்கானிக் பழைய பிளேட்டை என் கையில் கொடுத்தார். ரிவெட் தலைகளுக்கு மேல் லைனிங் மயிரிழை அளவுதான் மிச்சம். ஓரத்தில் ஓரிடத்தில் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. முந்தையவர் ஓட்டிய விதம் முழுக்க அந்தத் தகட்டில் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டதோடு அவர் கணக்கு முடிந்தது. மற்ற கியர் பாக்ஸ்களில் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு தீராது.

இந்த வேலையில் ஒன்றைக் கவனியுங்கள். செலவில் நல்ல பங்கு கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். பிளேட் அழுந்திப் பிடிக்கும் சக்கரமான ஃப்ளைவீலின் முகம் எப்படி இருக்கிறது, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். டீசல் என்றால் ஒரு எச்சரிக்கை: பல டீசல் கார்களில் டூயல் மாஸ் என்ற இரண்டு பாக ஃப்ளைவீல் இருக்கும், அது போயிருந்தால் பில் ஒரேயடியாக எகிறும். நான் பெட்ரோல் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சிவிடிக்கு வருவோம். எங்கள் வீட்டில் சில வருடங்கள் சிவிடி கார் இருந்தது, அதன் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. கியர் மாறுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். கூம்பு முகங்கள் கொண்ட இரண்டு புல்லிகள், நடுவில் ஒரு பெல்ட். புல்லிகள் விரிந்தும் நெருங்கியும் விகிதத்தை மாற்றுகின்றன. 1958இல் டாஃப் 600 என்ற டச்சு சின்னக் கார் இதை ரப்பர் பெல்ட்டோடு கொண்டுவந்தது. பிறகு எஃகுத் தகடுகளைக் கோத்த பெல்ட் வந்தது. 2001இல் வந்த ஹோண்டா ஃபிட் போன்ற சின்னக் கார்கள் வழியாக இது சாதாரணக் குடும்பங்களுக்குப் பழக்கமானது. ஜப்பானில் ஓடிவிட்டு வேறு நாடுகளுக்குப் போகும் பழைய சின்னக் கார்களில் சிவிடி நிறையவே இருக்கும். அங்கெல்லாம் மேனுவல் தேடுவதுதான் சிரமம்.

பிரச்சினை எங்கே என்றால், அந்த எஃகு பெல்ட்டையும் புல்லியையும் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஆயில். அதற்கென்றே உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் கெடும். ஆயிலை நாளாக மாற்றாமல் விட்டாலும் கெடும். முந்தைய ஆள் மாற்றினாரா, எதை ஊற்றினார்? பில் இருந்தால் ஒழிய தெரியாது. பல மாடல்களில் ஆயிலைப் பார்க்க டிப்ஸ்டிக்கூடக் கிடையாது. புல்லியின் முகத்தில் விழுந்த கீறலை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அறிகுறி தெரிய ஆரம்பிக்கும்போது நோய் முற்றியிருக்கும். பெரும்பாலான இடங்களில் அதைப் பிரித்துச் சரிசெய்ய மாட்டார்கள், முழுப் பெட்டியாக மாற்றச் சொல்வார்கள். மலிவாக ஓட்ட வேண்டும் என்று வாங்கிய காருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

ஆனாலும் சிவிடிதான் வேண்டும் என்றால், தெருவைச் சுற்றி வந்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆயில் நன்றாகச் சூடான பிறகுதான் நடுக்கமும் வழுக்கலும் தலைகாட்டும். நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளப்பும்போது வண்டி அதிர்கிறதா, ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறதா, வேகத்தோடு சேர்ந்து ஒரு ஊளைச் சத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். சில மாடல்களில் ஸ்கேனரை மாட்டினால் ஆயில் எவ்வளவு சீரழிந்திருக்கிறது என்ற எண்ணையே எடுக்கலாம். ஆயில் மாற்றிய பில் ஒன்றுகூட இல்லாமல் அதிகம் ஓடிய சிவிடியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தொட மாட்டேன்.

ஏஎம்டி கார் ஒன்றை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. நண்பருடையதை அவ்வப்போது ஓட்டிய அனுபவமும், அவருடைய மெக்கானிக்கிடம் கேட்டதும்தான். உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ், மேனுவல் கிளட்ச். காலும் கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற பொறி செய்கிறது. அதனால் கிளட்ச் பிளேட் இதிலும் தேயும், இதிலும் மாற்றலாம், அது நல்லதுதான். ஆனால் ஆக்சுவேட்டர், அதன் மோட்டார் அல்லது ஹைட்ராலிக் பம்ப், கட்டுப்பாட்டுக் கணினி என்று கெட்டுப்போக இன்னும் நாலு சாமான்கள் சேர்கின்றன. கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் மாட்டி, புது பிளேட்டின் பிடிப்புப் புள்ளியைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க முடியாது. ஓட்டும்போது கியர் மாறுகையில் தலை ஒரு தடவை முன்னால் போய் வருவது சிலருக்குப் பழகிவிடும், எனக்குப் பழகவில்லை. ஏஎம்டி ஓட்டுபவர்கள் மேட்டில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைத்தால், பிளேட் சத்தமில்லாமல் எரியும்.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாமல் வருடத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். 2008இல் ஐரோப்பாவுக்கு வந்த ஹோண்டா ஜாஸில் சிவிடிக்குப் பதிலாக ஐ-ஷிஃப்ட் என்ற ஏஎம்டி இருந்தது, 2011இல் அதே உடம்பில் மறுபடி சிவிடி வந்தது. விளம்பரத்தில் இரண்டுமே ‘ஆட்டோமேட்டிக்’ என்றுதான் இருக்கும்.

இரண்டு கிளட்சுகள் மாறி மாறி வேலை செய்யும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது டிசிடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிற்பதும் நகர்வதுமான ஓட்டத்தில், வாரன்டி முடிந்த, கிளட்ச் ஆயிலில் நனையாத வகை டிசிடி மலிவு காருக்கான தேர்வே அல்ல.

டார்க் கன்வெர்ட்டரைத்தான் மனசு வராமல் விட்டேன். இன்ஜினையும் கியரையும் இணைப்பது ஆயிலின் சுழற்சி என்பதால் நெரிசலில் ஊர்ந்தாலும் அங்கே எரிய ஒன்றுமில்லை. நான்கு கியர்தான், நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும், பெட்ரோலும் கூடப் போகும். ஆனால் ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்டி பல வருடம் உழைக்கும். சோதிப்பதும் ஓரளவு எளிது: டிப்ஸ்டிக் இருந்தால் ஆயில் சிவப்பாக இருக்கிறதா, கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறதா என்று பார்க்கலாம். முன்னால் போகும் டியிலும் பின்னால் போகும் ஆரிலும் போட்டவுடன் கியர் தாமதமில்லாமல், இடி விழாமல் பிடிக்க வேண்டும். ரொம்ப நாள் மாற்றாத பெட்டியில் இப்போது புது ஆயில் ஊற்றலாமா என்பதில் மெக்கானிக்குகளே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள், அப்படிப்பட்ட வண்டியைத் தவிர்ப்பது நல்லது.

மறுவிற்பனையில் எது நிற்கும் என்பது ஓட்டும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கா போல ஆட்டோமேட்டிக்கே வழக்கமாகிவிட்ட சந்தையில் மேனுவல் காருக்கு ஆள் குறைவு. அங்கே இருப்பவர்கள் நான் சொன்னதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மலிவு காரை ஓடுகிற வரை ஓட்டிவிடுவதுதான் என் திட்டம் என்பதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரே கையில் இருந்த, ஆயில் மாற்றிய பில்கள் அத்தனையும் உள்ள நான்கு கியர் டார்க் கன்வெர்ட்டர் கார் அப்போது கிடைத்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். நான் பார்த்தவற்றில் அப்படி ஒன்றும் அமையவில்லை.