ஒரே செக்‌ஷன் இரண்டு இடத்தில்: லிங்க்குக்கு முன்பா, பின்பா?

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் ஃப்ளாஷில் அமைப்பு அட்டவணை பைனரிக்குள் பெயரிட்ட தனிப் பகுதியாக, அதாவது செக்‌ஷனாக இருக்கிறது. எழுதும் நேரத்தில் கரண்ட் போய் அந்தப் பக்கம் கெட்டால் எடுத்துக்கொள்ள இன்னொரு பிரதி வேண்டும்.

ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்த்துப் பைனரியாக்குவது லிங்கர்; எதை எந்த முகவரியில் வைப்பது என்று அதற்குச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டில் அதே செக்‌ஷனை இரண்டு முறை எழுதிப் பார்க்கத் தோன்றும். பலிக்காது. க்னூ லிங்கர் முதலில் பொருந்தும் இடத்தில் அதை வைத்துவிடும். இரண்டாவது இடம் காலியாகவே கிடக்கும், பிழைச் செய்தியும் வராது.

சரி, லிங்க் முடிந்த பைனரியில் ஆப்ஜ்காபி (objcopy) கருவியை வைத்து நகலெடுக்கலாம். டம்ப்-செக்‌ஷன் கொடுத்து வெளியே எடுத்து, ஆட்-செக்‌ஷன் கொடுத்துப் புதுப் பெயரிலும் புது முகவரியிலும் சேர்த்தால் ஆயிற்று. சோர்ஸைத் தொட வேண்டாம், இரண்டும் பைட்டுக்கு பைட் ஒன்று. ஆனால் எதை எங்கே ஏற்றுவது என்று பைனரியில் இருக்கும் பட்டியலான புரோகிராம் ஹெடரில் இந்த நகலுக்கு இடம் கிடைக்காது. அலாக், லோட் கொடிகளைப் போட்டிருந்தால் ஹெக்ஸ் ஃபைலில் வந்துவிடும். புரோகிராம் ஹெடரை மட்டும் பார்த்து ஃப்ளாஷ் செய்யும் கருவி கண்டுகொள்ளாது.

பெரிய சிக்கல் பாயின்டர்கள், அதாவது இன்னோர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மதிப்புகள். அசல் 08008000-இல், நகல் 08010000-இல் என்று வையுங்கள். அட்டவணைக்குள்ளேயே இன்னொரு வரியைச் சுட்டும் பாயின்டர், டம்ப்பில் 20 80 00 08 என்று தெரியும் (08008020, கடைசி பைட் முதலில்). நகலிலும் அதே நான்கு பைட்தான், அதாவது அது இன்னமும் அசலைத்தான் சுட்டுகிறது. அசல் பக்கம் அழிந்த அன்றைக்கு, காப்பாற்ற வேண்டிய பிரதியும் சேர்ந்து விழும்.

அதனால்தான் நான் லிங்க்குக்கு முன்பே, ஆப்ஜெக்ட் ஃபைலிலேயே நகலெடுக்கச் சொல்வேன். ரீநேம்-செக்‌ஷனால் செக்‌ஷன் பெயரையும், ரீடிஃபைன்-சிம் கொடுத்து அட்டவணையின் சிம்பலையும் (லிங்கர் தேடும் பெயர்) மாற்றி, இரண்டு ஆப்ஜெக்ட்டையும் சேர்த்து லிங்க் செய்தால், ரீலொகேஷன், அதாவது பாயின்டர்களில் உண்மையான முகவரியை லிங்கர் நிரப்புவது, இரண்டுக்கும் தனித்தனியாக நடக்கும். நகலில் 20 00 01 08 வரும். ப்ரிஃபிக்ஸ்-சிம்பல்ஸ் சுலபமாகத் தெரியும், ஆனால் வெளியே தேடும் ஃபங்ஷன் பெயர்களுக்கும் முன்னொட்டு ஒட்டிவிடும், லிங்க் நின்றுவிடும். அப்புறம், நகலை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்றால், பயன்படாததை நீக்கும் லிங்கர் ஆப்ஷனான ஜிசி-செக்‌ஷன்ஸ் அதைத் தூக்கிவிடும். ஸ்கிரிப்டில் கீப் போட மறக்காதீர்கள். பைட்டுகள் வேறாகிவிடுவதால், தரவு கெட்டதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியும் பிரதிக்கு ஒன்றாகக் கணக்கிட வேண்டும்.

வெறும் எண்கள் மட்டுமே உள்ள அட்டவணை என்றால் இத்தனை வேலை தேவையில்லை, ஆட்-செக்‌ஷனே போதும். அந்த முகவரியை லிங்கர் வேறு எதற்கும் கொடுத்துவிடாதபடி ஸ்கிரிப்டில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.