பாம்பன் மீன் ஏலம்: எந்தக் கரைக்குப் போவது?

ராமநாதபுரத்தில் மதியச் சாப்பாடு மட்டும் போடும் சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 50 இலை விழுந்தால் நல்ல வியாபாரம். குழம்புக்கு எங்கள் மண்ணின் குண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாம்பனுக்குப் பஸ் ஏறுகிறேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். "நாங்களும் போய் வாங்கலாமாண்ணே?" என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

வாங்கலாம். ஆனால் பாம்பனில் இரண்டு கரை இருக்கிறது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம், நாங்கள் வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று பிடித்துவிட்டால் அப்படியே தலைகீழ். அதனால் நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் இடது கைப்பக்கம் வடகடல், வலது கைப்பக்கம் தென்கடல். எந்தப் பக்கம் நுரை கிளம்பி நிற்கிறதோ அந்தக் கரையை அன்றைக்கு விட்டுவிட வேண்டியது. சுற்றுலா வந்தவர்கள் ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தென்கடல் மீனுக்கு என் ஓட்டு கொஞ்சம் அதிகம். பவளப்பாறை உள்ள கடல் என்பதால் விளமீன், கலவாய், பாறை எல்லாம் சதை கெட்டியாக இருக்கும். குழம்பில் இரண்டு கொதி கூடிப் போனாலும் உடையாது. நண்டுக்கும் சூடை மீனுக்கும் வடகரை.

ஏலம் விடியும் நேரத்தில் நடக்கும். மணலில் தார்ப்பாய் விரித்து மீனைக் கொட்டுவார்கள், தராசு கிடையாது, கண்தான் எடைக்கல். ஏலம் விடுகிறவர் தொகையை ஓடவிடும் வேகத்தில் புதிதாகப் போகிறவருக்கு ஒன்றும் விளங்காது. யாரோ தலையை லேசாக ஆட்டுவார், மொத்தமும் அவருக்குப் போய்விடும். அங்கே வியாபாரிகளோடு மோதாதீர்கள். ஏலம் எடுத்த பெண்கள் பக்கத்திலேயே கூறு கட்டி உட்காருவார்கள், வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு அதுதான் சரி. டவுனில் 500 சொல்லும் விளமீனை, போன மாதம் கூறாக வாங்கியதில் கிலோ 380 ரூபாய்க்குள் அடங்கியது.

நான் வழக்கமாக வாங்கும் ஆத்தாவுக்கு எழுபது வயது இருக்கும். செவுளைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்லும். ஒரு தடவை நான் பெரிய மீன் ஒன்றைத் தூக்கியதும், "அது நேத்தே வந்தது தம்பி, கொழம்புக்கு வேணாம், வைய்யி" என்று கையில் தட்டியது. அதன் பிறகு நான் வேறு யாரிடமும் நின்றதில்லை.

நின்ற ஒரு நாள் கெட்டது. ஆத்தா வரவில்லை, எனக்கு நேரமாகிவிட்டது. மரத்தடியில் பெட்டி வைத்திருந்த ஒருவரிடம் பாறை மீன் 6 கிலோ வாங்கினேன். மேலே நான்கு மீன் பளபளவென்று இருந்தது. மெஸ்ஸில் வந்து கொட்டினால் அடியில் இருந்ததெல்லாம் ஐஸில் பல நாள் கிடந்தது, விரல் வைத்தால் குழி அப்படியே நின்றது. அன்றைக்கு முட்டைக் குழம்பு. பெட்டியை முழுக்கக் கவிழ்த்துக் காட்டச் சொல்லாதது என் தப்பு.

வாங்கிய மீனை அங்கேயே வெட்டிக் கொடுக்க ஆள் உண்டு. "கொழம்பா, பொரிக்கவா?" என்று கேட்டுத் துண்டின் கனத்தை மாற்றுவார்கள். விளமீன் செதில் பெரிது, தேய்க்கும்போது சட்டைப் பொத்தான் வரை தெறித்து ஒட்டிக்கொள்ளும், வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள். தலையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அது வேறு வீட்டுக் குழம்புக்குப் போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆனால் அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும். விலை ஏறியிருக்கும், மீன் கொஞ்சமாகத்தான் வரும். இருந்தாலும் என் கணக்கில் வருடத்திலேயே நல்ல மீன் அப்போதுதான். இழுவலையில் நசுங்காமல், தூண்டிலில் ஒவ்வொன்றாக வந்தது. தடைக்காலத்தில் மெஸ்ஸில் மீன் சாப்பாட்டுக்கு 20 ரூபாய் கூட்டுவேன், யாரும் இதுவரை சண்டை போடவில்லை.

கருவாடும் கிடைக்கும். மணலில் நேரடியாகக் காயப்போட்டதை வாங்காதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் பல்லில் நறநறக்கும். வலை விரித்து அதன்மேல் காயவைத்த நெத்திலி இரண்டு பங்கு விலை சொன்னாலும் கொடுத்துவிடலாம்.

குறை என்றால் இரண்டு. உட்கார ஒரு நிழல் இல்லை. அப்புறம், திரும்பி வரும் பயணம். கூடையோடு ஏறினால் பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், ஒரு தடவை ஏறவே விடவில்லை. இப்போது தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொண்டுவருகிறேன். லக்கேஜ் டிக்கெட் தனி. போன வாரம் ஒரு கண்டக்டர் பெட்டியைக் காலால் லேசாகத் தட்டி, "என்ன மீன்?" என்றார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே "விளமீன்" என்றேன். "கிலோ என்ன வெலைக்கு எடுத்தீங்க?" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.