புரூஸ் லீ படத்தில் கைவைத்தும் ஜெயித்த ரீமேக்

புரூஸ் லீ நடித்த படத்தை மறுபடி எடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த உதை, அந்தக் கீச்சுக் கத்தல், கட்டைவிரலால் மூக்கைத் தட்டிவிடும் அந்தத் திமிர் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து, கடைசியில் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 1994-ல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்' அந்தக் கூட்டத்தில் சேராது. 1972-ல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யைத்தான் ஜெட் லீயை வைத்து மறுபடி எடுத்தார்கள், என் கணக்கில் சண்டையிலும் கதையிலும் ரீமேக் ஒரு படி மேலேயே நிற்கிறது. கோபத்தில் மட்டும் அதனால் ஒரிஜினலைத் தொட முடியவில்லை. தொட முயற்சியும் செய்யவில்லை, படம் பிழைத்ததே அதனால்தான். இரண்டு படங்களின் முடிவையும் கீழே பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதையின் எலும்பு இரண்டிலும் ஒன்றுதான். ஷாங்காய் நகரம், ஜப்பானியர் ஆதிக்கம் ஏறிக்கொண்டிருக்கும் காலம். ஜிங்வு என்ற தற்காப்புக் கலைப் பள்ளியின் ஆசான் ஹுவோ யுவான்ஜியா திடீரென்று இறந்துபோகிறார். வெளியூரிலிருந்து ஓடிவரும் சீடன் சென் ஜென், இது இயற்கை மரணம் இல்லை என்று சந்தேகப்படுகிறான், தோண்டுகிறான், பழி வாங்குகிறான். ஹுவோ யுவான்ஜியா நிஜ மனிதர், 1910-ல் ஷாங்காயில் இறந்தவர், அவருக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அப்போதிருந்தே உண்டு. சென் ஜென் கற்பனை ஆள். ஆனால் அந்தக் கற்பனை ஆளை புரூஸ் லீ அப்படி உயிரோடு நடமாடவிட்டதால், அப்புறம் எத்தனையோ பேர் அதே பெயரை எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஹாங்காங் சண்டை நடிகர் டோனி யென்கூட ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் ஒரு படத்திலும் சென் ஜென்னாக வந்திருக்கிறார்.

ஒரிஜினலை முதலில் பேசுவோம். லோ வெய் இயக்கம், போலீஸ் அதிகாரியாகவும் அவரே வருகிறார். சினிமாவாகப் பார்த்தால் கரடுமுரடான படம். ஜப்பானியர்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் வில்லன்கள், நடுவில் வரும் விருந்துக் காட்சி பார்க்கவே சங்கடம், சென் ஜென் ரிக்‌ஷாக்காரனாகவும் டெலிபோன் ரிப்பேர்காரனாகவும் வேஷம் கட்டித் திரியும் பகுதி இன்றைக்குக் கொஞ்சம் இழுவை. ஆனால் முதல் பத்து நிமிடத்தில், மழையில் குருவைப் புதைக்கும் குழிக்குள் குதித்து, சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறும் புரூஸ் லீயைப் பார்த்துவிட்டால் இந்தக் குறைகள் எதுவும் கண்ணில் படாது. கடைசியில் மண்வெட்டியால் தலையில் அடித்து மயக்கித்தான் அவனை அந்தக் குழியிலிருந்து பிரிக்க முடிகிறது. ஒரு சண்டைப் பட நாயகன் இப்படிக் கட்டுப்பாடே இல்லாமல் உடைந்து அழுதுதான் அறிமுகமாகிறான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்தத் துக்கம்தான் பிறகு அடியாக மாறுகிறது, அதனால்தான் ஒவ்வொரு அடியும் நமக்கே வலிக்கிறது.

இறந்த ஆசானுக்கு அஞ்சலி நடக்கும் இடத்துக்கே ஜப்பானியப் பள்ளிக்காரர்கள், சீனர்களை இழிவுபடுத்த, 'கிழக்காசியாவின் நோயாளி' என்று எழுதிய பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். சென் ஜென் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய டோஜோவுக்கே, அதாவது பயிற்சிக் கூடத்துக்கே, தனியாகப் போய், மொத்தப் பேரையும் அடித்துப் போட்டுவிட்டு, அந்த வாசகம் எழுதிய காகிதத்தை அவர்கள் வாயிலேயே திணிக்கிறான். அப்புறம் பூங்கா வாசலில் 'நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை' என்ற பலகை, அது காற்றில் பறந்து ஒரே உதையில் தூளாகிறது. ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அந்த ஊர்த் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்த உதை வெறும் ஸ்டண்டாகத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதோடு போட்டி போட முடியுமா? இயக்குநர் கோர்டன் சானும் சண்டைக்காட்சிகளை அமைத்த யுவென் வூ-பிங்கும் இந்தக் கேள்வியைக் கட்டாயம் தங்களுக்குள் கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒரிஜினலில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் விஷயங்களை அவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டையான நன்சாக்கு இல்லை. கத்தல் இல்லை. சட்டையைக் கழற்றிப் போட்டு முறுக்கிக் காட்டுவது இல்லை. கதையை 1937-க்கு நகர்த்தி, சென் ஜென்னை ஜப்பானிலேயே, கியோட்டோவில், பொறியியல் படிக்கும் மாணவனாக ஆக்கிவிட்டார்கள். அவனுக்கு மிட்சுகோ என்ற ஜப்பானியக் காதலி வேறு. இந்த ஒரு மாற்றத்திலேயே பழைய கதையின் அஸ்திவாரம் ஆடிப்போகிறது. எதிரி தேசம் என்று கைகாட்டிய இடத்தில் அவனுக்கு வகுப்பறை இருக்கிறது, மரியாதைக்குரிய பெரியவர்கள் இருக்கிறார்கள், விரும்பும் பெண் இருக்கிறாள். இனி யாரை அடிப்பது என்று அவன் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

ரீமேக்கின் டோஜோ காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரிஜினலில் அந்தச் சண்டை அவமானத்துக்குப் பதிலடி, அவ்வளவுதான், அது போதும். இங்கே சென் ஜென் போவது, குருவைப் போட்டியில் தோற்கடித்த அகுதகாவாவோடு மோதிப் பார்க்க. முதலில் மாணவர்கள் பாய்கிறார்கள், அவன் கோபப்படாமல், கிட்டத்தட்ட ஒரு வேலையை முடிப்பது மாதிரி, கை கால்களை முறித்துப் போட்டுக்கொண்டே போகிறான். அப்புறம் அகுதகாவா வருகிறார், மோதுகிறார், தோற்கிறார். அங்கேதான் சென் ஜென்னுக்கு உறைக்கிறது: இவருடைய திறமைக்கு என் குரு தோற்றிருக்கவே முடியாது. உடனே குருவின் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதனை செய்யச் சொல்கிறான், விஷம் வெளியே வருகிறது. அதாவது சண்டையே இங்கே துப்பறியும் வேலையைச் செய்கிறது. கதையை நிறுத்திவிட்டுச் சண்டை, சண்டையை நிறுத்திவிட்டுக் கதை என்று ஓடும் எத்தனையோ படங்களைப் பார்த்த பிறகு, ஒரு அடியின் பலத்தைக் கணக்குப் போட்டுக் கொலையைக் கண்டுபிடிக்கும் திரைக்கதையைப் பார்த்தால் எழுந்து நின்று கை தட்டத் தோன்றுகிறது.

அகுதகாவாவையும் வில்லனாக்கவில்லை. விஷம் வைக்கப்பட்ட ஆளோடு தான் மோதியிருக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்குத் தாங்கவில்லை, சதி செய்த ராணுவத் தளபதி ஃபுஜிதாவிடம் போய்க் கேட்கிறார், அதற்காகவே கொல்லப்படுகிறார், பழி சென் ஜென் மேல் விழுகிறது.

அப்புறம் ஃபுனகோஷி. மிட்சுகோவின் மாமா, ஜப்பானின் பெரிய வீரர். நடித்தவர் யசுவாகி குராதா, எழுபதுகளிலிருந்தே ஹாங்காங் படங்களில் வந்துகொண்டிருந்த, நிஜமாகவே கராத்தே தெரிந்த ஜப்பானிய நடிகர். திறந்த வெளியில் அவரும் ஜெட் லீயும் மோதும் சண்டைதான் என்னைக் கேட்டால் படத்தின் உச்சம், கிளைமாக்ஸ்கூட அதற்கு அடுத்துத்தான். வெறி இல்லாத சண்டை அது. ஒருவர் அடவை இன்னொருவர் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், அடுத்த முறை அதற்குப் பதில் வைத்திருக்கிறார். நடுவில் காற்றில் தூசி கிளம்பி சென் ஜென் கண்ணில் விழுந்துவிட, பெரியவர் அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ளாமல் இருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டே மோதலாம் என்கிறார். கடைசியில் யாரும் ஜெயிப்பதில்லை. எதிரியை வீழ்த்துவதுதான் நோக்கம் என்றால் துப்பாக்கியே போதும், இந்தக் கலை மனிதன் தன் எல்லையைத் தொடுவதற்காக என்கிற ரீதியில் அவர் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரிஜினலின் உலகத்தில் இப்படி ஒரு ஜப்பானியருக்கு இடமே கிடையாது.

சண்டை அமைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெட் லீ இதில் பழைய குங்ஃபூ அடவுகளை மட்டும் போடுவதில்லை. குத்துச்சண்டைக்காரனின் கால் அசைவு, மூட்டைப் பிடித்து முறுக்கும் பூட்டு, தாழ்வான வேக உதை எல்லாம் கலந்து வருகிறது. அதற்குக் கதையிலும் காரணம் வைத்திருக்கிறார்கள். வெளியூரில் கற்றதையெல்லாம் சென் ஜென் பள்ளிக்குள் கொண்டுவருகிறான், மாணவர்கள் அவன் பின்னால் போகிறார்கள், ஆசானின் மகன் ஹுவோ டிங்என்னுக்கு அது பிடிக்கவில்லை, இருவரும் மோதிக்கொள்கிறார்கள். எந்தப் பள்ளியின் அடவு என்று பார்க்காமல் பயன்படுவதை எடுத்துக்கொள் என்று நிஜ வாழ்க்கையில் ஓயாமல் சொன்னவர் புரூஸ் லீ. அவர் படத்தின் ரீமேக்கில் அவருடைய கத்தலை விட்டுவிட்டு அவருடைய சிந்தனையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தோன்றவில்லை. இந்தப் படத்தின் சண்டைகளைப் பார்த்துத்தான் இயக்குநர்கள் வச்சோவ்ஸ்கிகள் தங்கள் 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்கு யுவென் வூ-பிங்கைத் தேடிப் போனார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃபுஜிதாவாக வரும் பில்லி சாவ் நிஜமான கிக்பாக்ஸர், உடம்பு இரும்பு, கடைசிச் சண்டையில் அவர் வாங்கும் அடியும் கொடுக்கும் அடியும் பயமுறுத்துகின்றன. ஆனால் பாத்திரமாகப் பார்த்தால் அவர் ஒரு கவச வண்டி, வேறொன்றும் இல்லை. அகுதகாவாவையும் ஃபுனகோஷியையும் அவ்வளவு மனிதர்களாக எழுதிய கை, முக்கிய வில்லனிடம் வந்ததும் பழைய பாணிக்கே திரும்பிவிட்டது. மிட்சுகோவின் பாத்திரமும் பாதியில் கைவிடப்பட்டதுதான். பள்ளி அவளை ஏற்கவில்லை என்பதற்காக அவன் தலைமைப் பதவியே வேண்டாம் என்று அவளோடு வெளியேறி, குருவின் சமாதிக்குப் பக்கத்தில் குடிசையில் வாழப்போகிறான். அந்த ஊரே இருவரையும் வெறுக்கிறது. இவ்வளவு கனமான விஷயத்தை வைத்துக்கொண்டு, அவளை ஒரு கடிதத்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டுச் சண்டைக்குப் போய்விடுகிறது படம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். சில இடங்களில் காட்சியை வேகப்படுத்தியிருப்பதும் பளிச்சென்று தெரிகிறது, ஜெட் லீயின் வேகத்துக்கு அது தேவையே இல்லை.

கிளைமாக்ஸில் ஃபுஜிதா வாளை உருவியதும் ஜெட் லீ இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதையே ஆயுதமாக்குகிறார். நன்சாக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுதான் பதில், அதே உணர்வு, வேறு பொருள். ஒரிஜினலின் கிளைமாக்ஸில் ஜப்பானியப் பள்ளியின் தலைவனான வில்லன் சுஸுகி உதை வாங்கிக் கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழும் இடத்தில் டூப் போட்டவர் ஜாக்கி சான் என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள், அந்த விழுகை இன்னும் நன்றாக இருக்கும்.

முடிவில்தான் இரண்டு படங்களும் முழுதாகப் பிரிகின்றன. ஒரிஜினலில் சென் ஜென் பழி தீர்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பள்ளியில் பிணங்கள். மிச்சமிருப்பவர்களைக் காப்பாற்றச் சரணடைகிறான், வாசலில் துப்பாக்கிகள் குறிவைத்து நிற்கின்றன, கத்திக்கொண்டே அவற்றை நோக்கிப் பாய்கிறான், காற்றில் அப்படியே உறைந்து நிற்கிறது காட்சி, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. தனி மனிதக் கோபம் என்ன விலை கேட்கும் என்பதை அந்தப் படமும் மறைக்கவில்லை, அதனால் அதை வெறும் பழிவாங்கல் படம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரீமேக்கில் அவன் சாவது மாதிரி ஒரு நாடகம் நடத்தி, போர் வரப்போகும் வடகிழக்குக்கு அனுப்பிவைக்கிறார்கள். அறிவுக்கு அது பொருந்துகிறது, இந்த சென் ஜென் சாகத் துடிக்கும் ஆளும் இல்லை. ஆனால் படம் முடிந்து எழுந்தால் நெஞ்சில் எதுவும் அடைப்பதில்லை. உறைந்து நின்ற அந்த ஒரு காட்சிக்கு ஈடாக ரீமேக்கிடம் எதுவுமே இல்லை.

நடிப்பிலும் இதே வித்தியாசம்தான். இரண்டு படங்களும் வெளியானபோது இரண்டு நாயகர்களுக்கும் 31 வயது. புரூஸ் லீ எதையும் உள்ளே வைத்துக்கொள்வதில்லை, அடித்து முடித்த பிறகும் அவர் முகத்தசை துடித்துக்கொண்டிருக்கும், எதிரி விழுந்ததில் அவருக்கே வலி இருக்கும். ஜெட் லீ எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கிறார். அவர் உடம்பு பேசும் அளவுக்கு முகம் பேசுவதில்லை. குருவின் உடலுக்கு முன்னால் நிற்கும் இடத்தில் அவருடைய அடக்கம் அழகாகவே இருக்கிறது, ஆனாலும் 1972-ன் அந்த மழைக்காட்சியைப் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் பசிக்கத்தான் செய்கிறது.

சரி, எதை முதலில் பார்ப்பது? 1972 படத்தை. அதைப் பார்க்காமல் ரீமேக்கைப் பார்த்தாலும் புரியும், ரசிக்கவும் முடியும், ஆனால் என்னவெல்லாம் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள் என்ற ருசி கிடைக்காது. தேடும்போது ஒரு குழப்பம் வரும்: அமெரிக்காவில் அந்தப் படம் 'தி சைனீஸ் கனெக்‌ஷன்' என்ற பெயரில் வந்தது, 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃப்யூரி' என்று அங்கே போனது புரூஸ் லீயின் முந்தைய படமான 'தி பிக் பாஸ்'. பெயரைப் பார்த்து வேறு படத்தைப் போட்டுவிடாதீர்கள். ரீமேக்கை ஆங்கில டப்பிங்கில் மட்டும் பார்க்க வேண்டாம். ஜப்பானியர் யார், சீனர் யார், யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது, எல்லோரையும் ஒரே ஆங்கிலத்தில் பேசவிட்டால் அது செத்துவிடும். சப்டைட்டிலோடு மூல ஒலியில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.