நாலு வருடமாக ஒரு ரப்பர் பட்டையோடு

தினமும் 40 நிமிடம் நடக்கிறேனே, அப்புறம் வேறு பயிற்சி எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். 64 வயதில், ஒரு வளைகாப்பில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழ முடியவில்லை. எச்சில் கையோடு பக்கத்து இலைக்காரி தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு நாற்காலியைப் போட்டார். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். எட்டு. அந்த வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே குறைவாம். நடை தொடைக்கு வலுச் சேர்க்கப் போதாது, இழுத்துப் பழகுங்கள் என்று உடற்பயிற்சிக்கான இந்த ரப்பர் பட்டையை எழுதிக் கொடுத்தார்.

சோபாக் காலில் ஒரு முனை, கணுக்காலில் மறுமுனை. உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவேன். பிறகு தொடையைச் சுற்றிக் கட்டி முழங்காலை விரிப்பேன். வாரம் 3 நாள், 20 நிமிடம், சீரியல் ஓடும்போதே. புடவையில் சரிப்படாது, சுடிதாருக்கு மாறினேன். வெறும் தோலில் கட்டினால் உரிகிறது.

பட்டையின் இறுக்கத்துக்கு நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொன்றின் பச்சையை விட இறுக்கம். இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் கோடையில் ஒன்று அறுந்து மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது. தப்பு என்னுடையதுதான், துவைத்த துணியோடு வெயிலில் கொடியில் போட்டிருந்தேன். பட்டை லேடக்ஸ் ரப்பர், அதற்கு வெயில் ஆகாது. இப்போது நிழலில் உலர்த்தி, முகப் பவுடர் தூவிச் சுருட்டி வைக்கிறேன். கட்டுமுன் வெளிச்சத்தில் நீட்டிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

குறையும் உண்டு. 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட நடை, 2 நாள் தசைப் பயிற்சி, இவற்றோடு 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கடைசி வேலையைப் பட்டை செய்யாது. அதற்கு, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது மேடையைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்கிறேன். மருமகள் "கொக்கு நிக்குது" என்பாள்.

தோள்வலிக்கும் பட்டை பெரிதாக உதவவில்லை. ஆனால் நாற்காலிக் கணக்கு இப்போது 13. போன கிருத்திகைக்குத் திருத்தணியில் 365 படியும் ஏறினேன், நாலு இடத்தில் உட்கார்ந்து. இறங்கும்போது மட்டும் கைப்பிடிக் கம்பியை விடவில்லை.